கதை விலகும் இடம்: சிட்னி நோலனின் ‘நெட் கெல்லி’ ஓவியத்தை வாசித்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். திரையில் படங்களைக் காட்டியபடி சொன்ன சில விளக்கங்கள் இங்கே சுருக்கப்பட்டுள்ளன.)



கலை வரலாற்றைப் பற்றிப் பேச அழைக்கப்படுவோர் பெரும்பாலும் ஒரு காலகட்டத்தையோ ஓர் இயக்கத்தையோ எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நூறு படங்களை வேகமாகக் கடந்துபோகும் காலம் இது. ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றால் அது எவ்வளவு பேசும் என்பதை மாணவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஓவியத்தின் முன்னாலோ சிற்பத்தின் முன்னாலோ நின்றவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இது யார், எந்தக் கதை? நல்ல கேள்வி. ஆனால் விடை கிடைத்தவுடன் நாம் நகர்ந்துவிடுகிறோம். பெயர் தெரிந்துவிட்டால் படம் புரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இன்றைய பேச்சு அந்தப் பழக்கத்தோடு ஒரு வழக்காடல்.

திரையில் நீங்கள் காண்பது ஆஸ்திரேலிய ஓவியர் சிட்னி நோலன் 1946இல் தீட்டிய ‘நெட் கெல்லி’. ஹார்டுபோர்டு பலகையில் எனாமல் பெயின்ட். உயரம் 90.8 சென்டிமீட்டர், அகலம் 121.5 சென்டிமீட்டர். கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

படத்தில் இருப்பவை மிகக் கொஞ்சம். மஞ்சளும் செம்மண் நிறமுமாக விரிந்த வறண்ட நிலம். அதற்கு மேல் வெளிர்நீல வானம், சிதறிய மேகங்கள். நடுவில், நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு குதிரைவீரன். கையில் துப்பாக்கி. உடல் முழுக்கக் கறுப்பு. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். அந்தச் சதுரத்தில் கண்ணுக்காக வெட்டிய நீள்சதுரத் துளை. அந்தத் துளையில் கண் இல்லை. வானமும் மேகமும் தெரிகின்றன.

இவன் யார் என்ற கேள்விக்கு விடை எளிது. நெட் கெல்லி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், அயர்லாந்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றப்பட்ட ஒருவரின் மகனாகப் பிறந்தவன். 1860களின் நிலச்சட்டங்கள் சிறு குடியேறிகளுக்குத் துண்டு நிலங்களைக் கொடுத்தன. பெரும் மேய்ச்சல் நிலங்களை வளைத்துப்போட்டிருந்த பண்ணையார்களுக்கும் இந்தச் சிறு விவசாயிகளுக்கும் இடையே ஓயாத பகை. கெல்லியின் தாய் எல்லன் அப்படியொரு துண்டு நிலத்தில் பிள்ளைகளை வளர்த்தவர். 1878 ஏப்ரலில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற காவலர் கெல்லி வீட்டுக்குக் கைது செய்யப் போனபோது கலவரம் மூண்டது. அதில் தாய் சிறைக்குப் போனார், மகன் காட்டுக்குப் போனான். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே கெல்லியும் கூட்டாளிகளும் மூன்று காவலர்களைக் கொன்றார்கள். கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் ஆகிய அந்த மூவரும் அயர்லாந்தில் பிறந்தவர்களே. அதன்பின் கெல்லி கூட்டத்தைக் கண்டவர் எவரும் சுட்டுக்கொல்லலாம் என்ற நிலை வந்தது. யூரோவாவிலும் ஜெரில்டெரியிலும் வங்கிக் கொள்ளைகள். தலைகளுக்கு 8000 பவுண்டு வெகுமதி. 1880 ஜூன் இறுதியில் கிளென்ரோவன் என்ற சிற்றூரில் முற்றுகை. காலில் குண்டடிபட்டுக் கெல்லி பிடிபட்டான். நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அவனுக்கு வயது 25.

இவ்வளவும் தெரிந்தபின் மறுபடியும் படத்தைப் பாருங்கள். இந்தக் கதையில் எது படத்தில் இருக்கிறது? தாய் இல்லை, காவலர் இல்லை, கொலை இல்லை, முற்றுகை இல்லை, தூக்குமேடை இல்லை. இருப்பவற்றிலும் ஒவ்வொன்றும் கதையிலிருந்து மாறியிருக்கிறது.

என் வாதம் இதுதான். கதை சொல்லும் ஓர் ஓவியத்தின் பொருள், அது கதையோடு ஒத்துப்போகும் இடங்களில் இருப்பதைவிட, கதையை விட்டு விலகும் இடங்களில்தான் அதிகம் இருக்கிறது. ஒத்துப்போகும் இடத்தில் ஓவியர் கதைக்குக் கட்டுப்பட்டவர். விலகும் இடத்தில் அவர் தானே ஒரு முடிவு எடுக்கிறார். அந்த முடிவுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால் அவர் என்ன நினைத்தார் என்பது தெரியும். இந்தப் படத்தில் அப்படிப்பட்ட விலகல்கள் ஆறு. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. கவசம் குதிரையேறியது

கெல்லியின் கவசம் கற்பனை அல்ல. இரும்புக் கலப்பைகளில் மண்ணைப் புரட்டிப்போடும் வளைந்த தகடுகளைக் கழற்றி, அடித்து வளைத்துச் செய்த உண்மையான கவசம் அது. எடை ஏறத்தாழ 44 கிலோ. இன்றும் மெல்போர்னில் விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. அந்தக் கவசத்தை அணிந்து கெல்லி நின்ற சண்டை ஒன்றே ஒன்று: கிளென்ரோவன். அன்று விடியற்காலை மூடுபனிக்குள்ளிருந்து அவன் வெளிப்பட்டது கால்நடையாக. கால்களுக்குக் கவசம் இல்லாததால்தான் காலில் சுட்டு வீழ்த்தினார்கள்.

ஆக, கவசம் பூண்டு குதிரைமேல் நிமிர்ந்து, திறந்த வெளியில் நிதானமாகப் போகும் கெல்லியை வரலாற்றில் யாரும் பார்த்ததில்லை. நோலன் அவனைக் குதிரையேற்றினார். அத்துடன் நிற்கவில்லை. இந்தத் தொடரில் மொத்தம் 27 ஓவியங்கள். அவற்றில் கெல்லி கறுப்புக் கவசத்தோடு திரும்பத் திரும்ப வருகிறான். ‘விசாரணை’ என்ற படத்தில் நீதிமன்றக் கூண்டிலும் தலைக்கவசத்தோடு நிற்கிறான். உண்மையில் விசாரணைக்கு முன்பே கவசம் பறிமுதல் செய்யப்பட்டுவிட்டது.

இந்த மாற்றம் என்ன செய்கிறது? கவசம் ஒரு நாளின் ஆயுதமாக இருந்தது. நோலன் அதை அந்த மனிதனின் உடலாக்கிவிட்டார். கழற்ற முடியாத ஒன்றாக்கிவிட்டார். அந்த உடல் எதனால் ஆனது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. கலப்பையால் ஆனது. நிலத்துக்காக நடந்த பகையில், நிலத்தை உழும் கருவியையே எடுத்து மேலே போர்த்திக்கொண்ட ஒருவன், உழவே படாத நிலத்தில் போய்க்கொண்டிருக்கிறான். படத்தில் ஒரு சால்கூட இல்லை.

குதிரையைப் பற்றியும் ஒரு செய்தி. ஆஸ்திரேலியக் கண்டத்தில் குதிரை இயற்கையாக இருந்த விலங்கு அல்ல. 1788இல் கைதிகளோடு வந்த கப்பல்களில்தான் முதல் குதிரைகள் வந்திறங்கின. நூறு ஆண்டுகளுக்குள் அவை பெருகி ஏற்றுமதிப் பொருளாயின. ‘வேலர்’ என்று பெயர்பெற்ற அந்தக் குதிரைகள் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகச் சென்னைத் துறைமுகத்திலும் வந்திறங்கியிருக்கின்றன. எனவே இந்தப் படத்தில் குதிரை, கவசம், துப்பாக்கி, மனிதன் ஆகிய நான்கின் வேரும் கடல்கடந்து வந்தது. நிலமும் வானமும் மட்டுமே அங்கே எப்போதும் இருந்தவை. கவசத்தையும் குதிரையையும் ஒரே கறுப்புத் திரளாக இணைத்ததன்மூலம் நோலன் வந்தவற்றை ஒரு பக்கமும் இருந்தவற்றை இன்னொரு பக்கமும் நிறுத்திவிட்டார்.

2. காடு வறண்ட வெளியானது

கெல்லி ஒளிந்து திரிந்த நாடு வறண்ட வெளி அல்ல. யூகலிப்டஸ் காடுகள் அடர்ந்த மலைச்சரிவுகள், ஓடைகள், புதர்கள். அந்தக் காடு இல்லையென்றால் இரண்டு ஆண்டுகள் காவல்துறையின் கண்ணில் மண்ணைத் தூவியிருக்க முடியாது. நோலனுக்கு இது தெரியாததல்ல. கெல்லியின் ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்து வந்தவர் அவர். நோலனுக்கு அரை நூற்றாண்டு முன்பு டாம் ராபர்ட்ஸ் 1895இல் தீட்டத் தொடங்கிய வழிப்பறிக் காட்சி ஒன்று உண்டு. அதில் கொள்ளையர் மரங்கள் நிறைந்த சரிவில் பயண வண்டியை மடக்கி நிற்கிறார்கள். கதைக்குப் பொருந்திய நிலம் அதுதான்.

நோலன் ஏன் மரங்களை அகற்றினார்? 1942இல் அவர் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். விக்டோரியாவின் மேற்கில் விம்மெரா பகுதியில், டிம்பூலா போன்ற ஊர்களில் கிடங்குக் காவல் வேலை. மெல்போர்னின் கடற்கரைப் புறநகரில் வளர்ந்த இளைஞர் முதன்முறையாகத் தட்டையான கோதுமை நாட்டைப் பார்த்தார். கண்ணை நிறுத்த மலையில்லை. அடிவானம் ஒரு கோடு. அதன்மேல் மிகப் பெரிய வானம். மேலைநாட்டு நிலக்காட்சி ஓவியர்கள் முன்னால் மரம், நடுவில் ஆறு, பின்னால் மலை என்று படிப்படியாக ஆழம் காட்டுவார்கள். விம்மெராவில் அந்த முறை உதவாது என்பதை நோலன் கண்டுகொண்டார். நிலத்தைச் சுவர்போல நிமிர்த்தி, அதன்மேல் வானத்தை இன்னொரு பட்டையாக வைத்தார். கெல்லி ஓவியத்தின் நிலம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

கவனியுங்கள், உண்மையான நடு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தை அவர் பார்த்தது இதற்குப் பிறகுதான். 1949இல் விமானத்தில் பறந்து அந்தச் செந்நிலத்தைக் கண்டார். 1952இல் வறட்சியில் மடிந்து காய்ந்த கால்நடைகளைப் படமெடுத்து ஓவியமாக்கினார். 1946இன் வறண்ட வெளி அவர் தேர்ந்தெடுத்த ஒரு கருத்து.

அந்தத் தேர்வின் விளைவு பெரிது. காட்டில் இருப்பவன் ஒளிந்திருக்கிறான். வெட்டவெளியில் இருப்பவனுக்கு ஒளிய இடமில்லை. தேடப்படும் ஒருவனை, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் இடத்தில் நோலன் நிறுத்துகிறார். ஆனாலும் அவனிடம் பதற்றம் இல்லை. இங்கே கேள்வி காவல்துறை அவனைக் கண்டுபிடிக்குமா என்பதிலிருந்து மாறிவிடுகிறது. இவ்வளவு பெரிய வெளியில் இப்படியொரு உருவத்துக்கு இடம் உண்டா என்பதே கேள்வியாகிறது.

3. உருளை சதுரமானது

நூலகத்தில் உள்ள தலைக்கவசம் உருளை வடிவம். தலையைச் சுற்றி வளைத்த தகடு வேறு எப்படி இருக்கும்? படத்தில் அது சதுரம், ஒரு தாளிலிருந்து கத்தரித்து ஒட்டியதுபோல் தட்டை. நிழலும் இல்லை, வளைவும் இல்லை.

இந்தச் சதுரம் வெறும் எளிமைப்படுத்தல் அல்ல. 1915இல் ரஷ்ய ஓவியர் காசிமிர் மாலேவிச் வெள்ளைப் பரப்பில் கறுப்புச் சதுரம் ஒன்றை மட்டும் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். ஓவியம் எதையும் போலிசெய்ய வேண்டியதில்லை என்ற அறிவிப்பு அது. நோலனும் அருவ ஓவியத்தில் தொடங்கியவர். 1940 வாக்கில் அவர் தீட்டிய ‘சிறுவனும் நிலவும்’ என்ற படத்தில் நீலப் பரப்பில் மஞ்சள் வட்டம் ஒன்றும் அதற்கு ஒரு கழுத்தும் மட்டுமே உண்டு. முகமில்லாத தலையை வடிவமாகச் சுருக்கும் வேலையை அவர் அங்கேயே தொடங்கிவிட்டார்.

1948இல் நோலன் இந்தத் தொடரின் மூலப்பொருள்கள் என்று மூன்றைச் சொன்னார்: கெல்லியின் சொந்தச் சொற்கள், ஹென்றி ரூசோ, சூரிய ஒளி. கெல்லியின் சொற்கள் என்றால், அவன் கூட்டாளியிடம் சொல்லி எழுதவைத்த நீண்ட ஜெரில்டெரிக் கடிதம். ரூசோ, முறையான பயிற்சியின்றிச் சுங்கச்சாவடி ஊழியராக இருந்து ஓவியரானவர். பிரான்சை விட்டு வெளியே போகாமலேயே பாலைவனத்தையும் காட்டையும் தீட்டியவர். பாலையில் நிலவொளியில் உறங்கும் பெண்ணையும் அவளருகே நிற்கும் சிங்கத்தையும் அவர் 1897இல் தீட்டினார். கண்டதைத் தீட்டாமல், உறுதியான ஓரங்களோடு கற்பனையை உண்மைபோல நிறுத்தும் துணிவை நோலன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஆக, ஒரு நாட்டுப்புறக் கதையின் தலைக்கவசமும் இருபதாம் நூற்றாண்டு நவீன ஓவியத்தின் சதுரமும் ஒரே வடிவமாகச் சந்திக்கின்றன. ஆஸ்திரேலியாவில் நவீன ஓவியம் ஐரோப்பாவிலிருந்து இரவல் வாங்கியது என்ற குறை அன்று இருந்தது. மண்ணின் கதை பழைய பாணிக்கே உரியது என்ற எண்ணமும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே வடிவத்தில் நோலன் விடை சொன்னார். அந்த விடை எவ்வளவு வென்றது என்றால், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் கெல்லி உருவங்கள் வந்தபோது, அவை நோலனின் சாயலில் வந்தன. நூலகத்தின் உருளையை ஓவியத்தின் சதுரம் மக்கள் நினைவில் வென்றுவிட்டது.

4. முகத்தின் இடத்தில் வானம்

இந்த ஓவியத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். குதிரைவீரன் நமக்கு முதுகு காட்டிப் போகிறான் என்றேன். கண்துளை தலைக்கவசத்தின் முன்பக்கம் இருப்பது. பின்னாலிருந்து பார்க்கும் நமக்கு அது எப்படித் தெரியும்? தெரிய வேண்டுமானால் கவசத்தின் பின்பகுதி இருக்கக் கூடாது, உள்ளே தலையும் இருக்கக் கூடாது. அவன் நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறான் என்று வைத்துக்கொண்டாலும் துளைக்குள் கண்கள் இருக்க வேண்டும். அங்கே மேகங்கள் இருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் முடிவு ஒன்றே: உள்ளே ஆள் இல்லை.

கெல்லிக்கு முகம் இல்லாமல் இல்லை. தூக்கிலிடுவதற்கு முன்தினம் சிறையில் எடுத்த புகைப்படம் புகழ்பெற்றது: தாடியோடு ஓர் இளைஞன். 1906இல் வெளிவந்த ‘கெல்லி கூட்டத்தின் கதை’ என்ற திரைப்படம் உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று மதிக்கப்படுகிறது. அந்த முகம் நாடறிந்தது. நோலன் அதை வேண்டுமென்றே விலக்கினார்.

முகம் இருந்தால் நாம் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவோம். இவன் வீரனா, கொலைகாரனா? கெல்லியைப் பற்றி அந்த நாடு இன்றும் இரண்டாகப் பிரிந்து வாதிடுகிறது. ஒரு சாராருக்கு அவன் ஏழைக் குடியானவனின் குரல். கொல்லப்பட்ட காவலர்களின் வழிவந்தோருக்கு அவன் தங்கள் வீட்டுத் துயரத்தின் காரணம். இந்த வாதத்தில் நோலன் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவருடைய தாத்தாவே கெல்லியைத் தேடிய காவலர்களில் ஒருவர் என்று நோலன் சொல்லியிருக்கிறார். தொடரில் காவலர்களின் சாவும் உண்டு, காட்டிக்கொடுத்ததாகக் கருதப்பட்டுக் கொல்லப்பட்ட ஆரன் ஷெரிட்டின் திருமணமும் உண்டு. முகத்தை அகற்றியதன்மூலம் தீர்ப்புச் சொல்லும் வழியை அவர் அடைத்துவிட்டார்.

அடைத்த இடத்தில் எதைத் திறந்தார்? நிலத்தை. பொதுவாக ஒரு படத்தில் நிலக்காட்சி மனிதனுக்குப் பின்னணி. இங்கே பின்னணி மனிதனின் தலைக்குள் புகுந்து முன்னணிக்கு வந்துவிட்டது. அவன் வெளியைப் பார்க்கும் துளை வழியாக நாமும் வெளியைப் பார்க்கிறோம். கறுப்புச் சதுரம் ஒரு சன்னல் சட்டமாக நின்று வானத்தின் ஒரு துண்டை மட்டும் நமக்கு எடுத்துக் காட்டுகிறது. சுற்றிலும் அவ்வளவு வானம் இருக்க, நம் கண் அந்தச் சிறு துண்டுக்கே திரும்பத் திரும்பப் போகிறது. இந்த ஓவியத்தின் கதாநாயகன் யார் என்றால், என் விடை: அந்தத் துளைக்குள் இருக்கும் வானம்.

5. கதவுக்கு அடிக்கும் பெயின்ட்

ஓவியத்தை விளக்குவோர் பெரும்பாலும் கதையிலும் வடிவத்திலும் நின்றுவிடுகிறார்கள். எதனால் தீட்டப்பட்டது என்பதும் பொருளின் பகுதியே. நோலன் பயன்படுத்தியது ரிப்போலின் என்ற எனாமல் பெயின்ட். கதவு, சன்னல், நாற்காலிகளுக்குப் பூசுவது. பிக்காசோவும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். நோலன் இளவயதில் ஒரு தொப்பித் தொழிற்சாலையில் விளம்பரப் பலகைகள் செய்தவர். தொழிற்சாலைச் சாயமும் தெளிப்பு வண்ணமும் அவருக்குப் பழகியவை.

எண்ணெய் வண்ணம் மெதுவாக உலரும். தடவித் தடவி ஒன்றுக்குள் ஒன்றாகக் கலக்கலாம், மனிதத் தோலையும் நிழலையும் நுட்பமாகக் காட்டலாம். எனாமல் வழிந்து பரவும், விரைந்து உலரும், பளபளக்கும். தயக்கத்துக்கு அதில் இடமில்லை. உறுதியான ஓரமும் தட்டையான பரப்பும் அதன் இயல்பு. நோலன் சொன்ன மூன்றாவது மூலப்பொருளான சூரிய ஒளி இந்தப் பெயின்ட் வழியாகத்தான் படத்துக்குள் வந்தது. உச்சிவெயிலில் நிழல் சுருங்கி, நிறங்கள் தட்டையாகி, ஓரங்கள் கூராகும் அந்த வெளிச்சத்தை எனாமல் நேரடியாகவே தருகிறது.

ஒரு குடியானவன் கலப்பைத் தகட்டை எடுத்துக் கவசம் செய்தான். ஓர் ஓவியர் வீட்டுப் பெயின்டை எடுத்து அவனைத் தீட்டினார், அதுவும் ஒரு வீட்டின் உணவுமேசையில் பலகையை வைத்து. மெல்போர்ன் புறநகரில் ஹைட் என்ற அந்த வீடு ஜான் ரீட், சண்டே ரீட் தம்பதியுடையது. கையில் கிடைத்த சாதாரணப் பொருளைக்கொண்டு பெரிய உருவம் படைப்பது இருவருக்கும் பொதுவான செயல்.

6. படத்தில் இல்லாதவர்கள்

கடைசி விலகல்தான் எனக்கு மிக முக்கியமானது. இதை நோலன் எவ்வளவு உணர்ந்து செய்தார் என்பது வேறு. ஆனால் இன்று இந்தப் படத்தின் முன் நிற்கும் எவரும் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. இந்த நிலம் ஏன் வெறுமையாக இருக்கிறது?

விக்டோரியா வெறுமையாக இருந்ததில்லை. கெல்லி நாடு டாங்குரங், யோர்டா யோர்டா முதலிய மக்களின் தாய்நிலம். விம்மெரா வோட்ஜோபலுக் மக்களின் நிலம். கெல்லி கதையிலேயே அவர்கள் இருக்கிறார்கள். 1879இல் குவீன்ஸ்லாந்திலிருந்து பழங்குடித் தடம்பார்ப்போரைக் காவல்துறை வரவழைத்தது. மண்ணைப் பார்த்தே வழி சொல்லும் அந்த மனிதர்களுக்குக் கெல்லி கூட்டம் அஞ்சியது. கிளென்ரோவன் முற்றுகையிலும் அவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உரிய வெகுமதிப் பணம் அவர்கள் கைக்குக் கொடுக்கப்படவில்லை.

பிரிட்டிஷார் அந்தக் கண்டத்தை உரிமையாளர் அற்ற நிலம் என்று கருதியே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கருத்தை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் மபோ வழக்கில் நிராகரித்தது 1992இல். நோலன் மறைந்ததும் அதே ஆண்டுதான். விம்மெராவில் வோட்ஜோபலுக் உள்ளிட்ட மக்களின் பூர்விக நில உரிமை 2005இல் சட்டப்படி ஏற்கப்பட்டது. ஆகவே வெறுமையான நிலத்தில் தனித்த குதிரைவீரன் என்ற காட்சி, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு பெரிய மறதியின்மேல் நிற்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

அதே நேரத்தில், இந்தப் படம் அந்த மறதியை வெற்றியாகக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்தை வென்றவனைத் தீட்டும் ஓவியர் அவனை உயரமான இடத்தில் நிறுத்துவார், கையை நீட்டிக் காட்டவைப்பார், குதிரையின் முன்காலைத் தூக்கவைப்பார். நோலனின் குதிரைவீரன் எதையும் சுட்டிக் காட்டவில்லை, எதையும் உரிமை கொண்டாடவில்லை. உள்ளே வெறுமையாக இருக்கிறான். இந்தத் தொடரின் வரிசையில் முதலில் வைக்கப்படும் படம் ‘நிலக்காட்சி’. அதில் மனிதர் யாரும் இல்லை. மனிதக் கதை தொடங்குமுன்பே நிலம் இருந்தது என்று அந்த வரிசை சொல்கிறது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இதெல்லாம் வேண்டாம், இது நோலனின் சுயசரிதை என்பார்கள். அதற்கும் ஆதாரம் உண்டு. 1944இல் போர்முனைக்கு அனுப்பப்படுவோம் என்ற நிலையில் நோலன் ராணுவத்தைவிட்டு ஓடிவிட்டார், வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்தார். கெல்லியைத் தீட்டும்போது அவரே தேடப்படுபவர். சண்டே ரீடோடு அவருக்கு இருந்த காதலும், 1947இல் அந்த வீட்டைவிட்டு அவர் வெளியேறியதும், ஓவியங்கள் அங்கேயே தங்கியதும், 1977இல் சண்டே ரீட் அவற்றில் 25 ஓவியங்களை நாட்டுக்குக் கொடையாக அளித்ததும் பதிவான செய்திகள். தன் உள்மனத்தின் வரலாறு இந்தத் தொடரில் இருக்கிறது என்று பின்னாளில் சொன்ன நோலன், அதை விளக்க மறுத்துவிட்டார்.

விளக்க மறுத்த அவருடைய முடிவை நாம் மதிக்க வேண்டும். ஓவியரின் வாழ்க்கை, அவர் ஏன் கெல்லியைத் தேடிப் போனார் என்பதை விளக்கும். கெல்லியை ஏன் குதிரையேற்றினார், ஏன் மரங்களை அகற்றினார், ஏன் துளைக்குள் மேகத்தை வைத்தார் என்பதை விளக்காது. ‘இது கெல்லியின் கதை’ என்று நிறுத்திக்கொள்வதும், ‘இது நோலனின் கதை’ என்று நிறுத்திக்கொள்வதும் ஒரே வகைச் சோம்பல். இரண்டிலும் ஒரு கதையைப் பெயர்சொல்லிவிட்டுப் படத்தைவிட்டு வெளியேறிவிடுகிறோம்.

ஆறு விலகல்களையும் இப்போது சேர்த்துப் பார்ப்போம். கலப்பை கவசமாகி உடலானது. காடு ஒளிய இடமற்ற வெளியானது. தலை சதுரமானது. முகம் வானமானது. வெயில் எனாமலானது. அந்த நிலத்தின் மக்கள் படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆறும் ஒரே திசையில் போகின்றன. வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒரு சமூகம் தான் நிற்கும் நிலத்தைப் பார்த்து, இது எனக்குள் இருக்கிறதா, நான் இதற்குள் இருக்கிறேனா என்று கேட்கும் கேள்வி இந்த ஓவியம். இரும்பைப் போர்த்திக்கொண்டு அந்த நிலத்தை உரிமையாக்க முடியாது என்று படம் காட்டுகிறது. இரும்புக்குள் ஒரு துளை இருந்தால், அந்த வழியே நிலம் உள்ளே வரலாம் என்பதையும் காட்டுகிறது. முதலாவது அதன் உண்மை, இரண்டாவது அதன் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு நிறைவேறும் என்பது, படத்தில் இடம் கொடுக்கப்படாத மக்கள் அதை ஏற்கிறார்களா என்பதைப் பொறுத்தது. அவர்களைக் கேட்காமல் குதிரைவீரனுக்கு அந்த மண்ணில் இடம் உண்டு என்று நாமாகச் சொல்லிவிட முடியாது.

மாணவ நண்பர்களுக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எந்த ஓவியத்தின் முன் நின்றாலும் கதையை முதலில் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஆண்டும் ஊரும் பெயரும் உட்பட. கதை தெரியாதவருக்கு விலகல் தெரியாது. கெல்லி நடந்து வந்தான் என்று தெரிந்தால்தான் குதிரை நமக்கு வியப்பாகும். காடு இருந்தது என்று தெரிந்தால்தான் வெட்டவெளி நமக்குக் கேள்வியாகும். தடம்பார்ப்போர் இருந்தார்கள் என்று தெரிந்தால்தான் அவர்கள் இல்லாதது நமக்கு உறுத்தும். கதையைக் கற்றபின் படத்துக்குத் திரும்புங்கள். எது மாறியிருக்கிறது, எது சேர்ந்திருக்கிறது, எது காணாமல்போயிருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். ஓவியர் தம் எண்ணத்தை வேறு எங்கும் எழுதிவைக்கத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் அவர் எழுதிவிட்டார். அதைப் படிப்பதுதான் நம்முடைய வேலை.